எத்தனை பேருக்கு, மீனா கறியா?

மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்துக்கு ஒரு கடிதம் போட வேண்டுமென்றால் உறைமேல் 'எண் 1, கடையநல்லூர் தெரு' என்று எழுத வேண்டும். கோழிச்சோற்றுக்கு வரிசை பிடிக்கிற கூட்டத்தில் அந்தப் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்க்கிறவர் குறைவு. எனக்கு அதைக் கடக்கும்போதெல்லாம் மூக்கில் அரைத்த மல்லியும் ஈர மஞ்சளும் வந்து நிற்கும். அந்தச் சின்னத் தெருவுக்கு எங்கோ மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிற நெசவாளர் ஊரின் பெயர் வந்த கதையை எழுதிவைக்க வேண்டும் என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்பானிய உணவகம்தான் என்னை உட்காரவைத்து எழுதவைத்தது.

உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்களில் நாங்கள் ஐந்து பேர் இன்னும் தொடர்பில் இருக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை மதியச் சாப்பாட்டுக்குக் கூடுவோம். வழக்கமாகச் சிராங்கூன் சாலைதான். இந்த முறை எங்களில் ஒருவனுடைய மகள், "எப்பப் பார்த்தாலும் லிட்டில் இந்தியாதானா மாமா? நீங்க எல்லாரும் பிறந்து வளர்ந்த இடத்துலயே சாப்பிடுங்களேன்" என்று சொல்லி, கிரேக் சாலைப் பக்கம் ஓர் உணவகத்தைக் காட்டினாள். டக்ஸ்டன், கியோங் சைக், கிரேக் சாலைக் கடைவீடுகளில் இப்போது ஸ்பானியச் சாப்பாட்டுக் கடைகள் பல. 2011இல் ஜியாக் சுவான் சாலையில் எஸ்கினா என்ற ஸ்பானியக் கடை திறந்த காலத்திலிருந்தே அந்த மோகம் ஏறிக்கொண்டுதான் வருகிறது.

ஐவரில் ஒருத்தி கடையநல்லூர்க் குடும்பத்துப் பெண். "பன்னி இறைச்சி இருக்கும், மதுவும் ஊத்துவாங்க. நீ முதல்ல போய் விசாரிச்சுட்டு வா, அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று எனக்கு வேலை வைத்துவிட்டாள். துறைமுகத்தில் டேலி கிளார்க்காக வேலைக்குச் சேர்ந்தவன் நான். மூட்டையை எண்ணிக் குறிப்பெழுதுவதுபோல ஒரு குறிப்பேட்டோடு தனியாகப் போனேன்.

போகிற வழியெல்லாம் பழைய வரைபடம் ஒன்று கண்ணுக்குள் விரிந்தது. இந்த வட்டாரத்துக்குத் தஞ்சோங் பகார் என்று பெயர். மலாயில் தஞ்சோங் என்றால் கடல்முனை, பகார் என்றால் வேலி. கரைக்குப் பாய்ந்துவந்து ஆட்களைக் குத்திய வாள்மீன்களைத் தடுக்க ஒரு சிறுவன் வாழைத்தண்டால் வேலி கட்டச் சொன்னான் என்கிற கதையை இங்கே எல்லாப் பிள்ளைகளும் கேட்டு வளர்ந்தவர்கள். டக்ஸ்டன் குன்று 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் டாக்டர் மாண்ட்கோமரியின் சாதிக்காய்த் தோட்டம். அந்த நூற்றாண்டின் நடுவில் நோய் விழுந்து சிங்கப்பூரின் சாதிக்காய் மரங்கள் பட்டுப்போயின. ஆக, இந்த மண்ணுக்கு மசாலா மணம் எங்களுக்கு முன்னாலேயே உண்டு. 1864இல் தஞ்சோங் பகார் கப்பல்துறைக் கம்பெனி தொடங்கியது. ஐந்து வருடம் கழித்துச் சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்கள் இந்தப் பக்கம் மொய்த்தன. 1905இல் அரசாங்கம் கம்பெனியைக் கையகப்படுத்தியது. 1913இல் அது துறைமுக வாரியமானது. என் அப்பா 'ஹார்பர் போர்டு' என்று சொன்னது அந்த வாரியத்தைத்தான். 1964இல் அது துறைமுக ஆணையமாக மாறிய பிறகும் அவர் வாயில் அந்தப் பெயர் மாறவில்லை.

அந்தத் துறையில் மூட்டை தூக்க ஆள் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஒண்டிக்கட்டைகள். ஊரில் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுக் கிட்டங்கித் திண்ணையில் படுத்துக் காசு அனுப்பியவர்கள். கடற்கரை ஊர்களிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களும் அப்படித்தான். கடையநல்லூர்க்காரர்களும் தென்காசிக்காரர்களும் வேறு மாதிரி. தறி நெய்து பிழைத்த அவர்கள், தறி சோறு போடாமல் போனபோது குடும்பத்தோடு கப்பலேறினார்கள். ஆண்கள் துறைமுகத்துக்குப் போனார்கள். பெண்கள் அம்மியோடு உட்கார்ந்தார்கள். தஞ்சோங் பகாரில் தமிழ்ப் பெண்களும் பிள்ளைகளும் நிறைந்த தெருக்கள் உருவானதற்கு அவர்கள்தான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். பிள்ளைகள் இருந்ததால் பள்ளி தேவைப்பட்டது. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய பள்ளிதான் நாங்கள் படித்தது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயர் அதற்கு. 1960இல் அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. சிங்கப்பூரில் தமிழ்வழியில் உயர்நிலை வகுப்பு நடத்திய ஒரே பள்ளி அது. முஸ்லிம் பிள்ளை, இந்துப் பிள்ளை என்று பிரிக்காமல் ஒரே பலகையில் உட்காரவைத்தார்கள். 1982இல் மூடினார்கள்.

அம்மி என்றேன். அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

என் தோழியின் அம்மாவை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். விடியலுக்கு முன்பே எழுந்து தொழுதுவிட்டு அம்மியடியில் உட்காருவார். முந்தின இரவே உலர்மிளகாய் காம்பு நீக்கி ஊறியிருக்கும். முதலில் மஞ்சள், பிறகு மல்லி, சீரகம், சோம்பு, கடைசியில் மிளகாய். மிளகாயை முதலில் அரைத்தால் கல் முழுக்க உறைப்பு ஏறிவிடும், பிறகு எதை வைத்தாலும் அது தொற்றிக்கொள்ளும் என்பார். குழவியை முன்னே தள்ளும்போது உடம்பு முழுவதும் சாயும், இழுக்கும்போது தோள்பட்டை மட்டும் அசையும். வழித்தெடுக்கிற கையில் எரிச்சல் தாங்காதபோது தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி அரைப்பார். மாதக்கணக்கில் அரைத்து அம்மி வழவழத்துப் போனால் உளியும் சுத்தியலுமாக ஒருவர் வந்து கொத்திக் கொடுப்பார். அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். கல்லில் புதுப்புள்ளிகள் விழுந்து கோலம்போலத் தெரியும்.

காலையில் மேக்ஸ்வெல் சந்தையில் பீங்கான் தட்டுகளில் ஒவ்வொன்றும் ஒரு குவியல். சிவப்பு, மஞ்சள், பழுப்பு, வெள்ளைப்பூண்டு, இஞ்சி, சின்ன வெங்காயம். மலாய்க்காரப் பெண்கள், சீனப் பாட்டிமார், நம்மவர்கள், யாராக இருந்தாலும் பெரியம்மா கேட்பது இரண்டே கேள்விகள்: "எத்தனை பேருக்கு? மீனா, கறியா?" மலாய் தெரிந்தவரிடம் மலாயில், தமிழரிடம் தமிழில். பதில் வந்ததும் மூன்றாவது ஒன்று: "சின்னப் பிள்ளைங்க சாப்பிடுமா?" அதற்கேற்ப மிளகாயைக் குறைப்பார். தராசு கிடையாது, அளவு கரண்டியிலும் கண்ணிலும் இருக்கும். ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு வழிப்பு எடுத்து வாழையிலையில் வரிசையாக அப்பி, மடித்து, செய்தித்தாள் சுற்றி நீட்டுவார். அந்தப் பொட்டலம் அன்றைக்கே சட்டியில் இறங்கியாக வேண்டும், மறுநாளைக்குத் தாங்காது. அதனால் ஒவ்வொரு நாளும் எந்த வீட்டில் எத்தனை பேர், என்ன சமையல், யார் வீட்டுக்கு விருந்தாளி என்பது பெரியம்மாவுக்குத் தெரியும். கலியாணமும் சாவும் முதலில் தெரிவதும் அங்கேதான்.

இந்த நினைப்போடுதான் அந்த உணவகத்தில் உட்கார்ந்தேன். பரிமாறிய இளைஞர் பொறுமைசாலி. பட்டியலில் புரியாததையெல்லாம் விரல்வைத்துக் கேட்டேன், சலிக்காமல் சொன்னார். ஸ்பானியச் சாப்பாடு என்றால் மஞ்சள் சோற்றில் இறால் பதித்த பயேயா மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். முதலில் வந்தது ஒரு வெள்ளைக் கஞ்சி. ஆஹோபிளாங்கோ என்று பெயர். வாதுமையும் பூண்டும் பழைய ரொட்டியும் உப்பும் சேர்த்து இடித்து, ஆலிவ் எண்ணெயும் காடியும் குளிர்ந்த தண்ணீரும் ஊற்றிக் கலக்கியது. மேலே நாலு திராட்சை. தெற்கு ஸ்பெயினில் கொளுத்துகிற கோடைக்கு இதுதான் மருந்தாம். தக்காளி அமெரிக்காவிலிருந்து வருவதற்கு முந்திய காலத்துச் சாப்பாடு. மிஞ்சிய ரொட்டியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற அந்த எண்ணம் எனக்கு உடனே பிடிபட்டது. அப்பா காலை வேலைக்குப் போகுமுன் சின்ன வெங்காயம் கடித்துக் குடித்த நீராகாரமும் மிச்சச் சோற்றிலிருந்து பிறந்ததுதானே.

அடுத்தது கணவாய். அதன் மையிலேயே வெங்காயமும் தக்காளியும் சேர்த்துச் சமைத்த கருங்குழம்பு. வடக்கே பாஸ்க் நாட்டு மீனவர் உணவாம். தட்டு தார் ஊற்றியதுபோல் இருந்தது. முன்பின் பார்க்காதவர்கள் தயங்குவார்கள். நான் தயங்கவில்லை. பக்கத்து மலாய் வீட்டில் கற்றுக்கொண்டு பெரியம்மா இதையே செய்வார். மலாயில் சோத்தோங் ஹீத்தாம், கறுப்புக் கணவாய். கணவாயைக் கழுவும்போது வெள்ளி மினுக்கும் அந்த மைப்பையை உடையாமல் விரலால் நெம்பி எடுத்துத் தனிக் கிண்ணத்தில் வைப்பதைப் பார்த்து நின்றிருக்கிறேன். உடைந்தால் கை இரண்டு நாளைக்குக் கறுப்பாக இருக்கும்.

மூன்றாவது தட்டு மரத்தட்டு. பேய்க்கணவாயை வேகவைத்துத் துண்டுபோட்டு, எண்ணெய் விட்டு, மேலே சிவப்புப் பொடி தூவியிருந்தார்கள். ஸ்பெயினின் வடமேற்கில் கலீசியா பக்கத்துப் பண்டம். அந்தப் பொடியின் மணம் என்னை நிமிரவைத்தது. கரி அடுப்பில் வற்றல் மிளகாய் வாட்டுகிற மணம். "லா வேரா வட்டாரத்துப் பிமெந்தோன்" என்று இளைஞர் ஊர் பெயரோடு சொன்னார். அங்கே மிளகாய் பழுக்கிற பருவத்தில் மழை பிடித்துக்கொள்ளும். வெயிலில் காயவைக்க முடியாது. அதனால் கீழே கருவாலிக் கட்டை எரித்து இரண்டு வாரம் போலப் புகையில் உலர்த்தி, கல் எந்திரத்தில் அரைக்கிறார்கள். லா வேரா என்ற பெயரை அந்த வட்டாரத்துக்கு வெளியே அரைத்த பொடிக்கு யாரும் வைக்க முடியாது. சட்டமே காவல் நிற்கிறது.

அந்தச் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதியபோதுதான் ஒன்று உறைத்தது. 1492இல் கொலம்பஸ் மேற்கே புறப்பட்டதற்கு மிளகு ஆசையும் ஒரு காரணம். மிளகுக்கு ஸ்பானியச் சொல் பிமியெந்தா. அவர் கண்டது மிளகு இல்லை, வேறொரு காரம். அதற்குப் பிமியெந்தோ என்று மிளகின் பெயரையே கொஞ்சம் திருப்பி வைத்தார்கள். போர்த்துகீசியர் அதை இந்தியக் கரைக்குக் கொண்டுவந்தபோது நாமும் அதையேதான் செய்தோம். மிளகுபோல் உறைக்கிற காய், மிளகாய். ஒருவரையொருவர் அறியாத இரண்டு சமையற்கட்டுகள் ஒரே புதுப்பொருளைக் கையில் வாங்கி, நாக்கில் வைத்துப் பார்த்து, ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. பெரியம்மா ஆயுள் முழுக்க அரைத்த மிளகாய் ஸ்பானியக் கப்பல்களும் போர்த்துகீசியக் கப்பல்களும் கடல் தாண்டிக் கொண்டுவந்த காய்தான். அதற்கு முன் நம் குழம்பில் உறைப்பு பெரும்பாலும் மிளகின் உறைப்புதான்.

ஸ்பெயினுக்கும் சிங்கப்பூருக்கும் இன்னொரு கணக்கும் உண்டு. 1819 பிப்ரவரி 6 ஒப்பந்தப்படி கிழக்கிந்தியக் கம்பெனி சுல்தான் ஹுசேனுக்கு ஆண்டுக்கு 5,000, தெமெங்கோங்குக்கு 3,000 ஸ்பானிய வெள்ளி தருவதாக ஒப்புக்கொண்டது. இந்தத் தீவின் பேரமே ஸ்பானியக் காசில்தான் நடந்தது. ரிங்கிட் என்கிற மலாய்ச் சொல் அந்தக் காசின் பல்பல்லான விளிம்பைக் குறித்து வந்தது. நாம் இன்றுவரை டாலரை வெள்ளி என்கிறோம். என் பேரன் கைப்பேசியைத் தட்டிப் பணம் செலுத்திவிட்டு "பத்து வெள்ளி" என்று சொல்லும்போது அந்தப் பழைய உலோகம் அவன் நாக்கில் இருக்கிறது. மணிலா ஸ்பானியர் கையில் இருந்தவரை பார்சலோனாவிலிருந்து போகிற கப்பல்கள் இங்கே நின்று போவதுண்டு. 1896இல் பிலிப்பீன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசாலைக் கைதியாக மணிலாவுக்குத் திருப்பிக் கொண்டுபோன கப்பலும் இங்கே நின்றது. அவரை விடுவிக்கச் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள், தள்ளுபடியானது. அந்த டிசம்பர் 30 அன்று மணிலாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கலாம் என்ற நினைப்பு, அந்தத் துறைமுகத்தில் வேலை பார்த்த எனக்கு, இப்போதும் கனக்கிறது.

சமையற்கட்டுத் தலைவரிடம் என் தோழிக்காகக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். பொரிக்கிற எண்ணெய் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், சோறு வேகிற சாற்றில் மது சேர்ப்பதுண்டு, தனிச் சட்டி வைக்க இடமில்லை. அந்த நேர்மைக்கு நன்றி சொல்லி வந்தேன்.

இரவு அவளைக் கூப்பிட்டேன். குறிப்பேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ஆலிவ் காய்க்கு அசேயித்தூனா என்றதும் இடைமறித்தாள்.

"என்னது? இன்னொரு தடவை சொல்லு."

"அசேயித்தூனா."

"அது ஜைத்தூன்தானே! நாங்க ஜைத்தூன் எண்ணெய்னுதானே சொல்லுவோம்?"

அதே சொல்தான். 711இல் முஸ்லிம்கள் ஸ்பெயினுக்குள் வந்தார்கள். கடைசியில் கிரனாடா வீழ்ந்தது அதே 1492. ஏறத்தாழ 800 வருட வாழ்க்கை அங்கே சமையற்கட்டுச் சொற்களில் தங்கிவிட்டது. அரிசிக்கு அர்ரோஸ், சர்க்கரைக்கு அசூக்கார், குங்குமப்பூவுக்கு அசஃப்ரான், எண்ணெய்க்கு அசேயித்தே, கத்தரிக்காய்க்குப் பெரென்ஹேனா, எல்லாம் அரபி வழி வந்தவை. மாலகாவில் கத்தரிக்காயைப் பொரித்துக் கரும்புப்பாகு ஊற்றிச் சாப்பிடுகிறார்கள் என்றதும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. சேமியாவுக்கு ஃபிதேயோஸ், அதுவும் அரபிச் சொல்தான். காந்தியா என்ற துறைமுக ஊரில், ஒரு மீன்பிடி படகில் அரிசிக்குப் பதில் அந்தச் சேமியாவைப் போட்டுப் பயேயா செய்ததுதான் ஃபிதேவா என்ற பண்டம் பிறந்த கதை என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். படகுச் சமையற்காரர் கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றியது ஊரின் பெருமையாகிவிட்டது.

அப்போதுதான் அவள் சொன்னாள், "அந்த மிளகாப்பொடிக்கு ஊர் பேரு வெச்சுக் காப்பாத்துறாங்க. எங்கம்மா அரைச்சதுக்கு யாரு பேரு வெச்சா?"

என்னிடம் பதில் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1972 ஜூன் 23 அன்று நிஹோன் என்ற கப்பல் தஞ்சோங் பகாருக்கு முதல் கொள்கலன்களோடு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலம் அது. கண்ணெதிரே மூட்டை போனது, மூட்டையோடு தோள் போனது, எண்ணுகிற என் வேலையும் உருமாறியது. துறையைச் சுற்றியிருந்த வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். கடையநல்லூர்க் குடும்பங்கள் தீவு முழுக்கச் சிதறின. அரைவை எந்திரம் வந்தது, பிறகு பொட்டலப் பொடி, பிறகு குளிர்பெட்டியில் புட்டி. மேக்ஸ்வெல் சந்தை 1980களில் உணவங்காடியானது. 1989இல் தஞ்சோங் பகார் பாதுகாக்கப்பட்ட வட்டாரம் என்று அறிவிக்கப்பட்டது. சுவருக்குச் சுண்ணாம்பு எப்படிப் பூச வேண்டும், சன்னலுக்கு என்ன மரம் என்பதற்கெல்லாம் விதி வந்தது. அது நல்ல காரியம். அதனால்தான் கிரேக் சாலை இன்னும் கிரேக் சாலையாக இருக்கிறது. ஆனால் அந்தச் சுவர்களுக்குப் பின்னால் எரிந்த அடுப்புகளுக்கு மசாலா கொடுத்த பெண்களுக்கு ஒரு தெருப்பெயர் மட்டும் கிடைத்தது. அதில் ஊர் இருக்கிறது, தொழில் இல்லை. சீனப் பாட்டி வைத்த மீன்கறி, மலாய் வீட்டு அசாம் பெடாஸ், நம் வீட்டு ஆட்டுக்கறி மூன்றும் ஒரே தட்டிலிருந்து வழித்தெடுத்த சாந்தில் கொதித்தன. சிங்கப்பூர்ச் சுவை என்று இன்று பெருமையாகச் சொல்வதில் அந்த அம்மிகளுக்கு முதல் பங்கு உண்டு. அந்தத் தெருவில் ஒரு கல்வெட்டாவது அதைச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். எழுதிக் கேட்கவும் போகிறேன்.

மறுநாள் காலை தோழி கூப்பிட்டாள். அவள் வீடு இன்னும் இதே வட்டாரத்தில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில் இருக்கிறது. அம்மாவின் அம்மியை அவள் விடவில்லை. வீடு மாறிய ஒவ்வொரு முறையும் மின்தூக்கியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சமையற்கட்டு மூலையில் வைத்திருக்கிறாள். கல் வழுக்கிவிட்டதாம், கொத்த ஆள் இல்லையாம், தம்பி மகன் கட்டுமானத் தளத்திலிருந்து உளி கொண்டுவருகிறானாம்.

"உணவகத்துக்கு நீங்க இன்னொரு நாள் போங்க. சனிக்கிழமை எல்லாரும் இங்க வாங்க" என்றாள். "நீ தின்ன அந்தக் கறுப்புக் கணவாய நான் வைக்கிறேன். வெள்ளக் கஞ்சியும் செஞ்சு பாக்குறேன், வாதுமை வாங்கியாச்சு. ஜைத்தூன் எண்ணெய் வீட்டுலயே இருக்கு."

சரி என்றேன். அவள் குரல் கொஞ்சம் மாறியது. சந்தை இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி பேசுகிற குரல்.

"எத்தனை பேருக்கு?"

"அஞ்சு பேருக்கு. கணவாய்."

"சின்னப் பிள்ளைங்க சாப்பிடுமா?"

பேரனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், மிளகாயைக் குறைத்துப் போடு என்று சொன்னேன்.